பருத்திப்பட்டு ஏரிக்கரையில் என் பவர் ஸ்டேஷன்

நான் பவர் ஸ்டேஷன் வாங்கி வந்த அன்று என் கணவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "எண்ணூர்ல இருக்க வேண்டியதை எதுக்கு இங்க தூக்கிட்டு வந்தே?" என்றார். பெயர்தான் பெரிசு, ஆள் சின்னப் பெட்டிதான். வீட்டில் அதற்கு சார்ஜ் ஏற்றி எடுத்துப் போனால், வழியில் அதிலிருந்து ஸ்கூட்டருக்கு ஏற்றிக்கொள்ளலாம். கனம் மட்டும் அரை மூட்டை அரிசி.

எங்களுக்கு முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ். எனக்கு வேலை வேலப்பன்சாவடியில், ஒரு கல்லூரி அலுவலகத்தில். பல வருடமாக அவர்தான் பைக்கில் கொண்டுபோய் விடுவார், ஷிஃப்ட் முடிந்ததும் கூட்டி வருவார். தங்கமான மனிதர். ஆனால் ஹெல்மெட் மாட்டியதும் அறிவுரை தொடங்கிவிடும். கேஸை எப்படி அணைப்பது, என் தம்பியிடம் எப்படிப் பேசுவது, எல்லாம். காற்றில் பாதி காதில் விழாது. விழாத பாதிக்கும் "ம்" சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வண்டியை ஓரங்கட்டி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

தனியாகப் போய்வரத்தான் பழைய எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஒன்றை வாங்கினேன். போகும்போது ஜோராகப் போகும். திரும்பும்போது பருத்திப்பட்டு தாண்டாது. கல்லூரியில் சார்ஜ் போட அனுமதி இல்லை. பவர் ஸ்டேஷனை வாங்கி அங்கேயே வண்டியில் மாட்டி வைக்கலாம் என்றால், ஒயர் தொங்கும் பெட்டியைத் தனியாக விட்டுப் போக வாட்ச்மேன் சம்மதிக்கவில்லை. "பேசாம என்கூடவே வந்துடேன்" என்றார் கணவர். அந்தப் பேச்சு வரும் என்று பயந்துதானே பெட்டியே வாங்கினேன்.

முதல் நாள் மாலையே ஏரிக்கரையில் வண்டி நின்றுவிட்டது. மரத்தடியில் நிறுத்தி ஒயரைச் சொருகினேன். பெட்டிக்குள் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டு இளநீர்க்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாக்கா, மைக் செட்டா? எங்க மீட்டிங்கு?"

"வண்டிக்கு சார்ஜ் ஏறுதுப்பா."

"கரண்ட்ட டப்பால போட்டுகினு வந்துகீறியா? எவ்ளோ நேரம் ஆவும்?"

"முக்கால் மணி நேரமாவது ஆகும்."

"அப்ப குந்துக்கா" என்று ஸ்டூலைத் தள்ளினார்.

உட்கார்ந்தேன். நீர்க்காக்கை முங்கி எழுவதைப் பார்த்தேன். கணவர் போன் செய்து, "நான் வரட்டுமா?" என்றார். "வேணாம், ஏறிட்டிருக்கு" என்றேன். அலுவலகத்தில் ஃபைல், வீட்டில் குக்கர். நடுவில் யாரும் என்னிடம் எதுவும் கேட்காத நேரம் என்று ஒன்று எனக்குக் கிடைத்ததே இல்லை. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லி மாளாது.

பிறகு சார்ஜ் மிச்சம் இருந்த நாளிலும் அங்கே நிறுத்த ஆரம்பித்தேன். ஒருநாள் இளநீர்க்காரர், "அக்கா, நீ ஒயரே சொருகலியே" என்றார். "சும்மா இருப்பா" என்றேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

போன வாரம் கணவர் என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். ஸ்கூட்டருக்குப் புது பேட்டரி போட்டிருந்தார். "வேலப்பன்சாவடிக்கு ரெண்டு தடவை போயிட்டு வரலாம். இனிமே நீ ரோட்டோரம் உட்கார்ந்து கஷ்டப்பட வேணாம்" என்றார். ஆசையாகத்தான் செய்திருந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, மோட்டார் சூடானால் வண்டியைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்க வேண்டுமா என்று கேட்டேன்.