கம்பி அதிராத அளவு

ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். சுண்ணாம்புக்கல் லாரியில் கிளீனராக இருந்தேன், ஓட்டலில் தண்ணீர் சுமந்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் பெரம்பலூர் ரேடியோ கடை ஒன்றில் ஒட்டிக்கொண்டேன். ஒரு வேளைச் சாப்பாடு, படுக்க மேசைக்கு அடியில் இடம். காரிலும் பஸ்ஸிலும் டேப் மாட்டுவது வேலை.

மாட்டுவதைவிடக் கெயின், அதாவது சத்தத்தின் உச்ச அளவு, வைப்பதில்தான் நுணுக்கம். டேப்பை முக்கால் சத்தத்தில் ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் பின்னாலிருக்கும் திருகை மெல்லத் திருப்ப வேண்டும். ஓரிடத்தில் பாடுகிறவரின் குரல் கிழியும். அதற்குச் சற்று முன்னால் நிறுத்திவிட வேண்டும்.

அரியலூர்–செந்துறை தனியார் பஸ் ஒன்றுக்கு அப்படித்தான் வைத்துக் கொடுத்தேன். போட்டி வண்டியைவிடக் கூடுதலாகக் கேட்க வேண்டும் என்பது பஸ் முதலாளியின் உத்தரவு. கொஞ்ச நாளிலேயே டிரைவர் என்னை வண்டிக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பாட்டு எவ்ளோ வேணா கத்தட்டும் தம்பி. இந்தக் கம்பி அதிரக் கூடாது."

அவர் சீட்டை ஒட்டி நின்ற இரும்புக் கம்பி அது. மேலே ஏறி, பயணிகள் பிடிக்கும் கம்பியோடு சேர்ந்து பின்படி வரை போகும். ஸ்பீக்கரை அதில்தான் முடுக்கியிருந்தேன்.

"அதிர்ந்தா என்னண்ணே?"

"முதுகு வலிக்குது."

கண்டக்டர் சிரித்தார். "அது மைனர் முதுகு. சொன்னதச் செய்யி."

திருப்புளியோடு, டிரைவர் பக்கத்து எஞ்சின் மூடியான பானட்டில் உட்கார்ந்து போனேன். முதல் நிறுத்தத்தில் ஓர் அம்மாளின் கால் படியில் இருக்கும்போதே வண்டி நகர்ந்துவிட்டது. விசில் ஊதவே இல்லை. பாட்டில் தவில் அடி விழுந்த நேரம் அது.

"ஏய்யா, எமலோகத்துக்கா எனக்கு டிக்கெட் கிழிச்ச?" என்று அந்த அம்மாள் கண்டக்டரைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த நிறுத்தத்தில் டேப்பை அணைத்துவிட்டுப் பார்த்தேன். கண்டக்டர் விசில் ஊதினார். என் காதே கூசியது. டிரைவரின் கால் அசையவில்லை. கண்டக்டர் மோதிரம் போட்ட விரலால் மேல்கம்பியில் ஒரு தட்டுத் தட்டினார். கம்பியில் சாய்ந்திருந்த டிரைவரின் தோள் நிமிர்ந்தது, வண்டி கிளம்பியது.

செந்துறை டீக்கடையில் கண்டக்டர் குரலைத் தாழ்த்தினார். "இவரு காது விசயம் மொதலாளிக்குத் தெரிஞ்சா நாளைக்கே எறக்கி வுட்டுடுவாரு. ஆனா இந்த ஆளு மாதிரி கண்ணாடியப் பாத்து ஓட்டுறவன் கெடையாது."

ஸ்பீக்கரைக் கழற்றிப் பலகையில் மாட்டி, அடியில் சைக்கிள் டியூப் கொடுத்தேன். பிறகு ஒரு கையைக் கம்பியில் வைத்துக்கொண்டு மறுகையால் கெயினைக் குறைத்தேன். காதால் அல்ல, கையால் வைத்த கெயின் அது ஒன்றுதான்.

அதற்குள் முதலாளி வந்து ஏறினார். "சத்தம் கொறஞ்சிருக்கே, யாரு கொறைக்கச் சொன்னா?"

டிரைவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு மேல தொறந்தா ஸ்பீக்கர் கிழிஞ்சிரும் மொதலாளி."

உண்மையில் திருகைத் திருப்ப இன்னும் இடம் இருந்தது. அவர் நம்பி இறங்கிப் போனார்.

செய்தது சரியா என்று எனக்கு உறுதியில்லை. ஒருவர் பிழைப்பு ஒரு பக்கம், ஒரு பஸ் நிறைய ஆட்கள் மறுபக்கம். அதனால் திரும்பும்போது பின்படிக்குப் பக்கத்தில் நின்று, மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பாட்டு ஓடியது. கம்பி அமைதியாக இருந்தது. பிள்ளையோடு ஒரு பெண் இறங்கி, எட்டி நடந்த பிறகுதான் மோதிரம் தட்டியது. அந்த அதிர்வு என் உள்ளங்கையைத் தாண்டி முன்னால் போனது. வண்டி கிளம்பியது.