மலைமேல் இருக்கிறவர் பேர்

என் அப்பாவுக்குத் திருத்தணி மலைச்சாமியின் பேர். எங்கள் ஊரில் பாதி ஆண்களுக்கு அதுதான் பேர். புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அம்மாவுக்குப் பயம். அதனால் சாமியைக்கூட அவளால் பேர் சொல்லிக் கும்பிட முடியாமல் போயிற்று. சாமி 'மலைமேல் இருக்கிறவர்' ஆனார். அப்பா 'பாப்பா நைனா' ஆனார். அந்தப் பாப்பா நான்தான்.

"வூட்டுக்காரர் பேர் இன்னாம்மா?" என்று யாராவது கேட்டால் அம்மா மலையைக் கை காட்டுவாள். "அவருக்கு ஆயிரம் பேராச்சே, எதச் சொல்றே?" என்று கேலி செய்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

யுத்த காலம். ஆடிக்கிருத்திகைக்கு மறுநாள் அப்பா பட்டாளத்தில் சேரக் கிளம்பினார். அதற்காக வீட்டில் பெரிய சண்டை. "போனா போங்க, யாரு கையப் புடிச்சிகினு இருக்காங்க!" என்று அம்மா வீறாப்பாகச் சொல்லிவிட்டாள். அவர் தெருமுனை திரும்பியதும் மனசு கேட்கவில்லை. அடுப்பில் சோற்றை அப்படியே விட்டுவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினாள். எப்படியாவது அவரை இறக்கிவிட வேண்டும்.

பட்டணத்து ரயில் நகரத் தொடங்கியிருந்தது. பெட்டியெல்லாம் காவடி செலுத்தித் திரும்பும் கூட்டம். ஒரு ஜன்னலில் அப்பாவின் முதுகு மட்டும் தெரிந்தது.

"இந்தாங்க!" என்று கத்தினாள். ஜன்னலோர ஆண்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள், அவரைத் தவிர. "பாப்பா நைனா!" என்றாள். எந்தப் பாப்பாவோ, எந்த நைனாவோ!

அப்போதுதான் அம்மா அந்தப் பேரைச் சொன்னாள். அடிவயிற்றிலிருந்து சொன்னாள்.

"அரோகரா!" என்றது ரயில் முழுக்க. அப்பாவும் திரும்பினார். எங்களைப் பார்க்கவில்லை. மலையைப் பார்த்துத் தலைக்குமேல் கைகூப்பி, அவரும் "அரோகரா!" என்றார். ரயில் போய்விட்டது. அந்தக் கூட்டத்தின்மேல் எனக்கு இன்றுவரை ஆத்திரம்தான்.

யுத்தம் முடிந்து, ஒரு காலை விந்திக்கொண்டு திரும்பி வந்தார். சோறு போடும்போது அம்மா இதைச் சொன்னாள். பிசைந்த கை அப்படியே நின்றது.

"நீயா கூப்ட்ட? யாரோ சாமியக் கூப்புடறாங்கன்னு இல்ல இருந்தேன்! தெரிஞ்சிருந்தா அன்னிக்கே எறங்கியிருப்பனே!" கண் கலங்கிவிட்டது அவருக்கு. "எங்க, இன்னொரு தபா கூப்புடு," என்று கெஞ்சினார்.

"ஆங், ஆசையப் பாரு! ஒரு தபா கூப்ட்டதுக்கே இம்மாங்காலம் உங்கள இல்லாம பண்ணிட்டாரு அந்த மலமேல இருக்கறவரு. இன்னொரு தபா கூப்புட எனக்குத் தெம்பில்லங்க."