கையெழுத்தில்லாத அத்தியாயம்

மரியபுஷ்பம் சிஸ்டரின் நாவலில் அவர் எழுதாத ஓர் அத்தியாயத்தைச் சேர்த்து, அவர் பெயரிலேயே அச்சிட்டுவிட்டார்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரங்கல் பிறகு.

செவ்வாய்க்கிழமை காலை அவருடைய தம்பி மகன் டேனியல் போன் செய்தான். உறவில்லாவிட்டாலும் என்னைப் பெரியப்பா என்பான். "பெரியப்பா, அத்தை போயிட்டாங்க." சரி என்றேன். யார் என்று என் மனைவி கேட்டாள், சொன்னேன். பிறகு குக்கர் விசிலை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்றுவரை அழுகை வரவில்லை.

அவர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கப்பலேற்றப்பட்ட குடும்பங்களைப் பற்றி எழுத வேண்டும் என்று பெங்களூர் அடுகோடியில் இருக்கும் என் வீடு தேடி வந்தார். நான் அப்படி ஓர் இலங்கைத் தோட்டத்தில் பிறந்தவன். இரண்டு அரசாங்கங்களும் எங்களைப் பங்கிட்டுக்கொண்டபோது அப்பா, அம்மா, நான் இந்தியாவுக்கு என்று ஆனது. மணமாகியிருந்த அக்கா அங்கேயே என்று ஆனது. கர்நாடகத்தில் சுள்ளியா ரப்பர் தோட்டத்தில் வளர்ந்து, பொம்மசந்திரா பட்டறையில் லேத் ஓட்டி, எட்டாவதோடு நின்ற படிப்பை நானே தொடர்ந்தவன். இலங்கையில் கலவரம் நடந்த வருஷத்துக்குப் பிறகு அக்காவிடமிருந்து கடிதம் இல்லை.

சிஸ்டர் ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசை முடிந்து வருவார். எழுதியதை வாசிப்பார். சரியென்றால் ஒவ்வொரு தாளின் அடியிலும் நான் கையெழுத்திட வேண்டும். "நீங்க கையெழுத்து போடாத பக்கம் பிரஸ்ஸுக்குப் போகாதுண்ணா." என் மனைவிக்குச் சிரிப்பு. "சிஸ்டர், கல்யாண ரிஜிஸ்டர்ல கூட இவரு இவ்ளோ யோசிக்கல!" "அப்ப யோசிச்சிருந்தா நீங்க தப்பிச்சிருப்பீங்க" என்பார் சிஸ்டர்.

ஒருமுறை, கப்பல் துறைக்குப் போகும் ரயில் புறப்படும்போது தாய் மார்பில் அடித்துக்கொண்டு அழுததாக எழுதி வந்தார். நான் பேனாவை மூடினேன். "எங்கம்மா அழல. மூட்டைய எண்ணிக்கிட்டே இருந்தாங்க. பதினொண்ணு. திரும்பத் திரும்ப பதினொண்ணு." சிஸ்டர் வாதாடவில்லை. என் எதிரிலேயே அந்தத் தாளைக் கிழித்தார். அடுத்த வாரம் வந்த தாளில் அம்மா மூட்டைகளை எண்ணினாள்.

கடைசி அத்தியாயத்தில் பிடிவாதம் பிடித்தவன் நான்தான். நாவலில், நடைமேடையில் விட்டுவந்த மகள் திரும்பி வருவதே இல்லை. மூன்று வாரம் கையெழுத்திட மறுத்தேன்.

"கதைதானே சிஸ்டர். ஒரு தடவ அவள வர வச்சா என்ன கெட்டுப்போகும்?"

"உங்க அக்கா வந்தாங்களாண்ணா?"

"இல்ல."

"வராதவங்கள வந்துட்டாங்கன்னு எழுதிட்டா, அப்புறம் அவங்கள யாருண்ணா தேடுவாங்க?"

அன்றைக்கும் நான் கையெழுத்திடவில்லை. நான்காம் ஞாயிறு அவர் வந்தபோது தாளை வாங்கிக் கையெழுத்திட்டேன். டீ ஆறிப்போயிருந்தது.

போன மாதம் புதிய பதிப்பு வந்தது. பக்கவாதத்தில் படுத்திருந்த அவருக்கு வாசித்துக் காட்டப் போனேன். முடிவுக்குப் பின்னால் இன்னும் ஒன்பது பக்கம் இருந்தது. விமான நிலையத்தில் மகள் வந்து இறங்குகிறாள். தாய் அடையாளம் கண்டு கட்டிக்கொள்கிறாள். எங்கள் அம்மா சுள்ளியாவிலேயே செத்துப்போனாள். சிஸ்டரின் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. ஆனாலும் கேட்டது தெளிவாகவே புரிந்தது. "யாரு... கையெழுத்து?" டேனியல் தலை குனிந்து நின்றான். "படிக்கிறவங்க நல்ல முடிவு கேக்குறாங்கன்னு பதிப்பாளர்தான் எழுத வச்சாரு பெரியப்பா. அத்தைக்கும் சந்தோஷமா இருக்கும்னு நான்தான் கையெழுத்து போட்டேன்." கெட்ட பையன் இல்லை. அதனால் தவறு சரியாகிவிடாது. பன்னிரண்டு நாள் கழித்து அவர் போனார்.

மாதா கோயில் மண்டபத்தில் வரும் ஞாயிறு நினைவுக் கூட்டம். அந்த ஒன்பது பக்கத்தைத்தான் வாசிக்கப்போகிறார்களாம்; மனதுக்கு ஆறுதலாக இருக்குமாம். அவரை அறிந்தவர்களுக்குச் சொல்கிறேன். பதிப்பாளர் அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டுப் புத்தகத்தை மறுபடி அச்சிட வேண்டும். விற்றுப்போன பிரதிகளுக்கு, இது ஆசிரியர் எழுதியதல்ல என்று பத்திரிகையில் அறிவிக்க வேண்டும். சம்மதம் கொடுத்தது தான்தான் என்று டேனியல் எழுதித் தர வேண்டும். எழுதத் தயங்கினால் என் வீட்டுக்கு வரட்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். புத்தகம் வைத்திருப்பவர்கள் கடைசி ஒன்பது பக்கத்தைக் கிழித்துவிட வேண்டும்.

கூட்டத்தில் நான் வாசிப்பேன். கையெழுத்திட்ட அந்தக் கடைசித் தாள் என்னிடம் இருக்கிறது. அவருடையது என்று நான் வைத்திருப்பது அது ஒன்றுதான். அதில் ரயில் போய்விட்டது. நடைமேடையில் அக்கா நிற்கிறாள். யாரும் அவளை அங்கிருந்து நகர்த்தக் கூடாது. நாங்கள் இன்னும் தேடுகிறோம்.