போலியே தோப்பில் சொந்தம் தேடி

உலகத் தமிழ் மக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: வில்லியனூரில் என் சைக்கிளுக்குப் புது மணி மாட்டப்பட்டுவிட்டது. போன ஞாயிறு காலை ஆறரைக்கு அதை அடித்துக்கொண்டே பாகூருக்குக் கிளம்பினேன். பக்கத்துச் சைக்கிளில் என் வகுப்புத் தோழன் ஜெரோம்.

அவன் குடும்பப் பெயர் போலியே. பிரெஞ்சில் 'அழகான இடம்' என்று பொருளாம். எங்களுக்கு அவன் போலியோ சொட்டு. ஆடி மாதம் அவன் அம்மா இறந்துவிட்டார். அப்பா முன்பே இல்லை. பிரான்சில் இருக்கும் அக்கா, வருகிற வெள்ளிக்கு அவனுக்கு டிக்கெட் போட்டுவிட்டார். இங்கே சொந்தக்காரர் யாராவது வைத்துக்கொண்டால் பிளஸ் டூ முடியும்வரை இருக்கலாம். பாகூர்ப் பக்கம் 'போலியே தோப்பு' என்று ஒரு பஸ் ஸ்டாப் உண்டு. "கண்டுபிடிச்சுக் குடு மச்சான்" என்று அவன் கெஞ்ச, நானும் பெரிய மனசு பண்ணினேன்.

கரிக்கலாம்பாக்கம் வழியாகப் பதினாறு கிலோமீட்டர் சொச்சம். வழியில் இரண்டு டீ, இருபத்துநாலு ரூபாய். தோப்பில் இறங்கினால் ஒரு மரம்கூட இல்லை.

"அது வெள்ளைக்காரன் பங்களா இருந்த இடம்பா, அவன் பேரு" என்றார் ஆட்டோக்காரர். "அந்தப் பேருல ஒரு வூடு டயர் கடைக்குப் பின்னால கீது, பாரு."

இருந்தது. கேட்டில் 'போலியே' என்று பலகை. நைட்டியில் ஒரு அம்மா செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சுவிடாமல் கதையைச் சொல்லி, "இவன் உங்களுக்குத் தம்பி புள்ள முறைங்களா?" என்றேன்.

குழாயை மூடிவிட்டு அவனையே பார்த்தார்.

"இல்லபா. அந்தக் காலத்துல பிரெஞ்சு சட்டத்துக்கு மாறனவங்க குடும்பப் பேரு ஒண்ணு எழுதிக் குடுக்கணும். எங்க கொள்ளுத் தாத்தா இத்த எழுதனாரு. இவங்க தாத்தாவும் அதையே எழுதியிருப்பாரு. பேருதான் ஒண்ணு."

"நல்லா யோசிச்சுப் பாருங்க ஆன்ட்டி."

"விடுடா" என்றான் ஜெரோம்.

"சொந்தம் இல்லன்னா இன்னா, இட்லி சாப்ட்டுப் போங்க" என்றார். அவன் சாப்பிட்டான். என்னுடையதையும் அவன் தட்டுக்கே தள்ளினேன்.

திரும்பும்போது பாகூர் ஏரிக்கரையில் உட்கார்ந்தோம். "பிரான்சுல நிறைய ஊருக்கு என் பேருதானாம். அக்கா சொல்லுச்சு."

"அப்ப எல்லா ஊரு வரியும் உனக்குத்தாண்டா."

சிரித்தான். என் பக்கம் திரும்பவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: வெயிலுக்கு முன் கிளம்புங்கள். ஏரிக்கரையில் நல்ல நிழல். பஸ் ஸ்டாப் பெயரை நம்பி இளநீர் கிடைக்கும் என்று இறங்காதீர்கள்.

அப்புறம், ஜெரோம் கெஞ்சினான் என்று எழுதினேனே, அது பீலா. அவன் எதுவுமே கேட்கவில்லை. பெட்டிகூடக் கட்டி வைத்துவிட்டான். 'சொந்தம் தேடலாம் வாடா' என்று ஒரு வாரமாக அவன் பின்னாலேயே அலைந்தது நான்தான்.