போட்டின் ஓட்டையை அடைத்த எலுமிச்சம்பழம்

போன ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், வயிற்றுப் பிள்ளையோடு சேர்த்து என்னை நம்பி வந்த மூன்று உயிர்கள் என் தவறால் போயிருக்கும். மாரியம்மன் காப்பாற்றினாள். நான் நாலாம் வகுப்பு வரை படித்தவன். கோயிலில் எழுந்து நின்று சொல்லக் கூச்சம். அதனால் எழுதித் தருகிறேன்.

இடுக்கியில் எங்கள் எஸ்டேட்டுக்குக் கீழே பெரிய ஆறு. அதில் மோட்டார் போட் ஓட்டுகிறேன். மழைக்குப் போட்டைக் கரையில் ஏற்றியிருந்தோம். உள்ளே விழும் மழைநீர் வடிய, அடியில் பின்பக்கம் ஓர் ஓட்டை உண்டு. ஆற்றில் இறக்கும் முன் அதைத் திருகுமூடியால் அடைக்க வேண்டும். கரையேற்றிய போட்டை மறுபடி முதல்முறை இறக்கும்போது சாவியையும் அந்த மூடியையும் அம்மன் தட்டில் வைத்துச் சூடம் காட்டுவது எங்கள் வழக்கம்.

அன்று மண் சரிந்து ரோடு அடைந்துவிட்டது. நிறைமாதக்காரி செல்விக்கு வலி. அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போட்டுதான் வழி. அவசரமாகச் சூடம் காட்டினேன்.

"ஏன் மாரியப்பா, போட்டுக்கு முகூர்த்தம் பாக்கியா? பேரன் இங்கனயே பொறந்துருவான் போல," என்றார் செல்வியின் மாமியார் பேச்சியம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். வெட்கத்தில் சாவியை மட்டும் எடுத்தேன். பூஜை எலுமிச்சம்பழத்தைப் போட்டின் முன்முனையில் வைத்தேன். செல்வியும் பேச்சியம்மாவும் ஏறினார்கள். ஆட்கள் தள்ளிவிட்டார்கள். எதையோ மறந்ததாக மனம் இடித்தது. நிறுத்திப் பார்க்கக் கூச்சம்.

பாதி ஆற்றில் கால் நனைந்தது. மூடி கரையில் தட்டிலேயே இருந்தது.

ஆறு கலங்கி இழுத்தது. கீழே பாறைகள். எஞ்சினை விட முடியாது. ஒரு கையால் ஓட்டையில் துண்டைத் திணித்தேன். தண்ணீர் அதைத் தள்ளிவிட்டது. செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

வாழ்நாளில் முதல் தடவையாகச் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன்.

"தாயே, தப்பு என்னோடது. அந்தப் பிள்ளைய விட்ரு."

ஓர் அலை முனையைத் தூக்கியது. எலுமிச்சம்பழம் உருண்டு, தண்ணீரில் மிதந்து, என் காலடிக்கு வந்தது. ஓட்டையில் வைத்துக் குதிகாலால் அழுத்தினேன். தண்ணீர் நின்றது.

"மூடிய மறந்துட்டேன், அம்மா," என்றேன் பேச்சியம்மாவிடம்.

"வையறத கரையேறி வையுதேன். நீ காலை எடுக்காத." பேச்சியம்மா தூக்குச்சட்டியால் தண்ணீரை அள்ளி ஊற்றினார்.

கரை சேர்ந்தோம். மதியம் பெண் குழந்தை பிறந்தது. பேச்சியம்மா சொன்னபடியே வைதார். வைது முடித்து, குழந்தையை என் கையில் தந்தார்.

இப்போது மூடியைக் கயிறு போட்டுப் போட்டிலேயே கட்டியிருக்கிறேன். தள்ளும் முன் "மூடி போட்டாச்சு" என்று கரை முழுக்கக் கேட்கச் சொல்கிறேன். சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

தப்பு செய்தவன் கூப்பிட்டும் அவள் வந்தாள். உங்களுக்கும் வருவாள். கூச்சப்படாமல் கூப்பிடுங்கள்.