உரும்பிராய்க்கு வந்த ஒலிவ் எண்ணெய்

காலையில் நாகப்பட்டினத்தில் ஏறிய கப்பல் நண்பகலுக்குச் சற்றுப் பிந்திக் காங்கேசன்துறையை அடைந்தது. மாசி மாத வெயில் கண்ணைக் கூசவைத்தது. வெளியே நின்ற ஆட்டோக்காரர், "ஆரிட்டைப் போறியள் அக்கா?" என்று கேட்டார். உரும்பிராயில் சிநேகிதி வீட்டுக்கு என்றேன். "பதின்மூண்டு கிலோமீற்றர் வரும். ரெண்டாயிரம் தாங்கோ" என்றார். சிவந்த மண்ணில் வெங்காயப் பாத்திகளும் புகையிலைத் தோட்டங்களும் வழிநெடுகக் கூடவே வந்தன.

மலர் என் பள்ளித் தோழி. போர்க் காலத்தில் அவள் குடும்பம் திருச்சியில் எங்கள் தெருவில் குடியிருந்தது. ஊர் திரும்பியவளை இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து இப்போதுதான் பார்க்கிறேன். ஓடிவந்தவள், வாசல் படலையின் கொளுக்கியை விரலால் எடுக்காமல் முழங்கையால் இடித்துத் தள்ளினாள். ஏதோ அவசரம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாலை ஆறு மணிக்குத் தேத்தண்ணிக்கு முன்னால் கறுப்புப் போத்தல் ஒன்றை மேசையில் வைத்தாள். அவள் கணவர் தயாபரன் இத்தாலியில், பலெர்மோவுக்குப் பக்கத்து ஒலிவ் தோட்டமொன்றில் வேலை செய்கிறார். அங்கே பிழிந்த எண்ணெய். ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவாராம். ஒரு கரண்டி வாங்கிக் குடித்தேன். நாக்கில் பச்சைப் புல் வாசம். விழுங்கியதும் தொண்டையின் அடியில் மிளகாய் வைத்ததுபோல எரிந்து, இருமி, கண்ணில் நீர் வந்துவிட்டது.

"மலர், இது கெட்டுப்போச்சுடி!"

அவள் சிரித்தாள். "கெடேல்லையடி. நல்ல எண்ணெய் எண்டால் இப்பிடித்தான் பிடிக்குமாம். நோவுக் குளிசையிலை இருக்கிற குணம் உந்த உறைப்பிலையும் இருக்காம். எனக்கு மூட்டுவாதமெல்லே, அதுதான் அனுப்புறார்." குளிசை என்று அவள் சொன்னது மாத்திரையை.

அந்த நேரம் தயாபரன் கைப்பேசியில் முகம் காட்டினார். "எண்ணெய் குடிச்சனியோ? கை எப்பிடி?"

"நோவே இல்லையப்பா."

சொல்லும்போது அவள் கைப்பேசியை விரல்களால் பிடிக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே இடுக்கிப் பிடித்திருந்தாள். விரல் மூட்டுகள் ஒவ்வொன்றும் வீங்கிப் பளபளத்தன.

மறுநாள் காலை சீனி தேடி ஒரு பிஸ்கட் தகரத்தைத் திறந்தேன். உள்ளே அட்டை அட்டையாக மாத்திரைகள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. எல்லாம் அவள் பெயருக்குக் கிளினிக்கில் கொடுத்தவை.

"எப்ப நிறுத்தின?"

"ஒரு வருசத்துக்கு மேலை. இப்ப கிளினிக்குக்கும் போறேல்லை." வானிலை சொல்வதுபோலச் சொன்னாள். அன்றே அவளை யாழ்ப்பாணம் கூட்டிப்போனேன்.

தனியார் மருத்துவமனையில் இருந்த பெண் மருத்துவர் எண்ணெயைப் பற்றிப் பொறுமையாகக் கேட்டார். "தொண்டையைப் பிடிக்கிற அந்தச் சாமானுக்கு ஒலியோகாந்தல் எண்டு பேர். வீக்கத்தைத் தணிக்கிற குணம் இருக்கு, பொய்யில்லை. ஆனால் ஒரு கரண்டியிலை இருக்கிறது கொஞ்சம். குளிசை நோவுக்கு மட்டுமில்லை அம்மா. மூட்டு அரிபடாமல் காக்கிறதும் அதுதான்." பிறகு எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு விரல்களில் எலும்பின் ஓரம் கரைந்திருந்தது. "உது இனித் திரும்பி வராது. மிச்சத்தைக் காப்பாத்துவம்."

வாசலுக்கு வந்த பிறகு மலர் சொன்னாள். "குளிசை வயித்தைப் பிரட்டும். எண்ணெய் குடிச்ச முதல் மாதம் நோவும் குறைஞ்ச மாதிரித்தான் இருந்தது. அதைச் சொன்ன அண்டைக்கு அந்த மனுசன் அழுதிட்டுது. அங்கை போய் எவ்வளவு காலம் சாப்பாட்டுக் கடையிலை கோப்பை கழுவினவர்! தன்ரை கையாலை எனக்கு ஒரு சுகம் வந்திட்டுது எண்டு அழுதவர். பிறகு நோ கூடிச்சுது. எப்பிடியடி சொல்லுறது?"

அன்று மாலையும் அழைப்பு வந்தது. அவள் தயங்கினாள், பிறகு சொல்லிவிட்டாள்.

"குளிசையை விடச் சொல்லி நான் சொன்னனானோ?" தயாபரனின் குரல் உடைந்தது.

"இல்லை."

"கையைக் காட்டு."

இத்தனை நாள் படத்துக்கு வெளியிலேயே வைத்திருந்த கைகளை உயர்த்தினாள். திரையில் அவர் முகம் சட்டென்று மறைந்தது. ஓர் அறையின் கூரை மட்டும் தெரிந்தது. கைப்பேசியை எங்கோ போட்டுவிட்டு அவர் விம்முவது எங்களுக்குக் கேட்டது. நானும் மலரும் அந்த வெறும் கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். வெகுநேரம் கழித்து, "சித்திரைக்கு வாறன்" என்றார்.

நான் இருந்த மற்ற நாட்களில் மலர் மாத்திரை போட்டாள். வயிறு பிரட்டினால் அதையும் மருத்துவரிடம் சொன்னாள். எண்ணெய் கறிக்கும் இடியப்பத்துக்கும் போயிற்று. தயாபரன் முதலில் குளிசையைக் கேட்டார், பிறகு நோவைக் கேட்டார். "இண்டைக்கு நல்லா நோகுது" என்று அவள் சொன்ன மாலையில் அவர் ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. "ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பும் கப்பலில், நாகப்பட்டினம் நெருங்கியதும் பெங்களூரிலிருந்து மகள் அழைத்தாள். ஊர்க்கதை எல்லாம் கேட்டுவிட்டு, எப்போதும் கேட்பதுபோல, "முழங்கால் எப்படிம்மா இருக்கு?" என்றாள்.

ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"வலிக்குதுடி" என்றேன். "ரொம்ப நாளாவே வலிக்குது."