எச்சில் டிரம்

சிறுசேரியில் ஒரு ஐ.டி. கம்பெனி கேன்டீனின் பின்பக்கம் மதியம் இரண்டு மணிக்குப் போய் நின்றால் சோற்றின் மேலேயே வெறுப்பு வந்துவிடும். தட்டு கழுவுகிற இடம் அது. சுவரில் வெட்டிய ஓட்டை வழியாகத் தட்டுகள் ஓயாமல் உள்ளே வரும். பாதி கடித்த சப்பாத்தி, அதன் மேல் கவிழ்ந்த தயிர்சாதம், தயிருக்குள் சொருகிய டிஷ்யூ பேப்பர், சில சமயம் பல்லே படாத முழுக் கோழிக்கால். எல்லாவற்றையும் வழித்து நீல டிரம்முக்குள் தள்ளுவார்கள். டிரம் நிரம்பியதும் எடை போட்டு, வாசல் பலகையில் 'இன்று வீணான உணவு 84 கிலோ' என்று எழுதி வைப்பது சூப்பர்வைசர் ரெபேக்காளின் வேலை. பலகையைப் படித்து உச்சுக்கொட்டிவிட்டு, அடுத்த நிமிஷமே பாதி குலாப்ஜாமூனைத் தட்டில் விட்டுப் போகிறவர்களை அவள் பதினொரு வருஷமாகப் பார்க்கிறாள். சாயங்காலம் பன்றிப் பண்ணை வண்டி வந்து டிரம்மை எடுத்துப்போகும். வண்டி போன பிறகும் அந்தப் புளித்த வாடை அவள் புடவையிலேயே தங்கிவிடும்.

அவளுக்கு வயது நாற்பத்தொன்று. எடை நூற்று இருபத்தொரு கிலோ.

கேன்டீனில் டிரம்மைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறவள், தையூரில் தன் வீட்டுக்குப் போனதும் வேறு ஆளாகிவிடுவாள். புருஷன் பெஞ்சமின் பொத்தேரியில் காலேஜ் பஸ் ஓட்டுகிறவன். எவ்வளவு பசியோடு உட்கார்ந்தாலும் இரண்டு பிடி சோற்றைத் தட்டில் விட்டுத்தான் எழுவான். மகள் சிநேகா தோசையின் ஓரத்தை மட்டும் கிள்ளித் தின்றுவிட்டு போனோடு எழுந்து போவாள். அந்த இரண்டு பிடி, அந்தத் தோசை நடு, நேற்று மிஞ்சிய குழம்பு, அடிப்பிடித்த சோறு எல்லாம் கடைசியில் ரெபேக்காளின் வயிற்றுக்குத்தான் வரும். "வீணாப் போவுதே" என்று சொல்லிக்கொண்டே தின்பாள். செய்யூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக் கூலி நெல் வாங்கின வீட்டில் பிறந்தவள். சோற்றைக் கொட்டுவதற்கு அந்தக் கை பழகவே இல்லை.

அவள் அக்கா சந்திரம்மாவுக்கும் இதே உடம்பு, இதே சர்க்கரை. முதலில் ஒரு விரலை எடுத்தார்கள். பிறகு பாதம், பிறகு முழங்கால் வரைக்கும். கட்டிலில் கிடந்தபோதும் செய்யூர்ச் சொந்தமெல்லாம் பலகாரத்தோடுதான் வந்து பார்த்தது. கடைசியில் ஆளே போய்விட்டாள். போன ஆடியில் ரெபேக்காளின் இடது சுண்டுவிரலில் ஒரு புண் வந்தது. மீன் செதில் அளவுதான். இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. ஒரு நாள் கட்டைப் பிரிக்கும்போது மூக்கில் ஏறிய வாடை அவளுக்குத் தெரிந்த வாடை. அக்காவின் கட்டிலருகே ஒரு வருஷம் முகர்ந்தது. அன்றைக்கே லீவு போட்டுச் செங்கல்பட்டுக்குப் போனாள்.

"எடை குறையாம இந்தச் சர்க்கரை அடங்காதும்மா. சர்க்கரை அடங்கலைன்னா கால் நிக்காது" என்றார் டாக்டர். இரைப்பையை வெட்டிச் சின்னதாக்குகிற ஆபரேஷன். தேதி குறித்தார்கள்.

சாப்பாட்டு விஷயம் சொல்லித்தர பிரதீபா என்று ஒரு டயட்டீஷியன் வந்தாள். "அக்கா, ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டு வாரம் சோறு, இட்லி, இனிப்பு, எண்ணெய் எதுவும் கூடாது. புரோட்டீன் பவுடர், மோர், தெளிஞ்ச சூப்பு, முட்டை வெள்ளைக்கரு, வேகவெச்ச காய். உங்க கல்லீரல் கொழுப்பு சேர்ந்து வீங்கிக் கெடக்கு. இரைப்பை அதுக்கு அடியில இருக்குது. கல்லீரல் சுருங்கினாத்தான் டாக்டரால வேலை செய்ய முடியும்."

ரெபேக்காள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மூன்றாம் நாளே சேதி செய்யூருக்கு எட்டிவிட்டது. பெஞ்சமினின் அக்கா பார்வதம் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஒரு கையில் அதிரசம், ஒரு கையில் கோழிக்குழம்பு வாளி.

"இன்னா பெஞ்சமினு, இனிமே இது வயித்துல ஒரு கோழிமுட்டைக்குத்தான் எடம் இருக்குமாமே? ஆயுசுக்கும் கஞ்சித் தண்ணிதானாமே? இருக்கச்சொல்லயே நாலு வாய் துன்னட்டும், பாவம்!"

"அண்ணி, துன்னக் கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க" என்றாள் ரெபேக்காள்.

"அவங்க சொல்லுவாங்க. வெட்டப்போற வயித்துக்கு இன்னாடி பத்தியம்?"

வளைகாப்புக்கு வருகிற மாதிரி வந்தார்கள். கோவளத்துச் சித்தி வஞ்சிரம் வறுத்து வந்தாள். சபைக்காரர்கள் ஜெபம் பண்ணிவிட்டு பிரியாணிப் பொட்டலத்தை வைத்துப் போனார்கள். ஒவ்வொருவரும் ஒரு வாய் ஊட்டினார்கள், சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வந்தவர்கள் போன பிறகு வீடு முழுக்கப் பாத்திரம். பிரிட்ஜில் இடமில்லை. வீணாகப் போகிறதே என்று அவளே உட்கார்ந்து முடித்தாள். பிரதீபா போனில் கேட்டபோது, "மோர்தாம்மா குடிச்சிகினு கீறேன்" என்றாள். விரலில் அதிரச எண்ணெய் பிசுபிசுத்தது.

ஆபரேஷன் நாளன்று மயக்கம் தெளிந்து கண் திறந்தாள். வயிற்றில் நாலு இடத்தில் பிளாஸ்திரி. பெஞ்சமின் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"முடிஞ்சிச்சாய்யா?"

"ஒண்ணும் முடியல. தொறந்து பாத்துட்டு மூடிட்டாங்க."

சாயங்காலம் டாக்டர் வந்தார். உள்ளே கேமராவில் எடுத்த படத்தை அவள் முகத்துக்கு நேராகக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டிய கல்லீரல் வெளிறிய மஞ்சளாக, ஓரமெல்லாம் உப்பி, எண்ணெய் வழிகிற மாதிரி பளபளத்தது. கறிக்கடையில் கொக்கியில் தொங்கி, வெயில் ஏற ஏற ஈ மொய்க்கிற கொழுப்புதான் அவளுக்கு நினைவு வந்தது. "இதைத் தூக்கினா கிழியும். ரத்தம் நிக்காது. ஆறு வாரம் கழிச்சு இன்னொரு தடவை பாக்கறேன். அப்பவும் இப்படியே இருந்தா, மூணாவது தடவை என்கிட்ட வராதீங்க."

"சும்மா நாலு ஓட்டை போட்டு அனுப்புறானுங்க" என்றான் பெஞ்சமின், டாக்டர் போன பிறகு.

ரெபேக்காளுக்கு அந்த மஞ்சள் மறுபடி கண்ணில் வர, கட்டிலோரம் சாய்ந்து வாந்தி எடுத்தாள்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், டிரம்மை எடை மேடைக்கு உருட்டும்போது எட்டிப் பார்த்தாள். மேலே மஞ்சளாக ஒரு கொழுப்பு ஆடை படர்ந்திருந்தது. அதே நிறம். யார் யாரோ வைத்த மிச்சம், யாருக்கும் வேண்டாதது, கொட்ட மனம் வராதது. தன் வீட்டில் இந்த டிரம்மின் வேலையைச் செய்துகொண்டிருந்தது யார் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. டிரம்மில் விழுவதையாவது பன்றிப் பண்ணைக்கு எடுத்துப் போகிறார்கள். பலகையில் அன்றைய கணக்கை எழுதினாள். சாக்பீஸ் இரண்டு தடவை ஒடிந்தது.

இரண்டாவது தேதியை அவள் வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்லவில்லை. "ஆப்ரேசன் கேன்சலு" என்று செய்யூருக்குச் சொல்லியனுப்பினாள். பவுடரைக் கரைத்தால் சுண்ணாம்பும் பால்வாடையும் சேர்ந்த ஒரு நாற்றம் அடிக்கும். மூக்கைப் பிடித்துக் குடித்தாள். வீட்டில் அரிசியை ஒன்றரை டம்ளர் குறைத்துப் போட்டாள்.

"இன்னாடி, சோறு பத்தல?"

"வெச்சதை மொதல்ல துன்னு முடி. தட்டுல ரெண்டு பிடி கீது பாரு."

"கேன்டீன் மேனேஜராட்டம் பேசறியே! புருசன் துன்றதுக்கும் பலகை வெப்பியா?"

"வெப்பேன்."

சிநேகா சிரித்துவிட்டாள். அன்றைக்கு முதல்முறையாகத் தோசையின் நடுவையும் தின்றுவிட்டு எழுந்தாள்.

பதினான்கு நாளில் ஐந்தரை கிலோ இறங்கியது. இந்த முறை டாக்டர் கல்லீரலைத் தூக்க முடிந்தது. ஆபரேஷனும் முடிந்தது.

அதற்கப்புறம் வந்ததுதான் பெரிய பேஜார். ஒரு மடக்குத் தண்ணீர் நெஞ்சில் கல்லாக இறங்கும். இரண்டு வாரம் பருப்புத் தண்ணீரும் மோரும் பவுடரும். அடுத்த இரண்டு வாரம் எல்லாவற்றையும் குழந்தைக்கு மசிப்பதுபோல மசித்துச் சாப்பிட வேண்டும். முன்பு அவளை இழுத்த வாசனையெல்லாம் இப்போது துரத்தியது. அவித்த முட்டையின் தோல் உரியும்போதே தொண்டை அடைக்கும். பக்கத்து வீட்டுத் தாளிப்பு வந்தால் ஜன்னலைச் சாத்துவாள். சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. வைட்டமின் மாத்திரை ஏப்பத்தில் துரு மணத்தது.

பிரதீபா சொன்னதை மட்டும் விடவில்லை. முதலில் மீனோ முட்டையோ பருப்போ, மீதி இடமிருந்தால் காய், அதற்குப் பிறகுதான் சோறு. சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, சாப்பிட்டு அரைமணி நேரம் கழித்துத்தான். நிறைந்துவிட்டதென்று வயிறு சொன்னால் அந்த நிமிஷமே நிறுத்த வேண்டும்.

ஒரு நாள் சிநேகா கோவளத்திலிருந்து கிழங்கான் மீன் வாங்கிவந்து, ஆவியில் வேகவைத்து, முள் எடுத்து, பிசைந்து சட்னிக் கிண்ணத்தில் வைத்தாள். மூன்று ஸ்பூன் நன்றாக இறங்கியது. மாதக் கணக்கில் முதல்முறையாக நாக்கில் ஒரு ருசி. வயிறு போதும் என்றது. கிண்ணத்தின் அடியில் இன்னும் ஒரு ஸ்பூன் இருந்தது.

"வீணாப் போவுதே" என்று வாயில் போட்டுக்கொண்டாள்.

அவ்வளவுதான். நெஞ்சுக்கூட்டுக்கு நடுவே ஏதோ சிக்கிய மாதிரி அடைத்தது. வாயில் எச்சில் ஊறி ஊறி, சோப்பு நுரைபோலக் கோழை கோழையாகக் கொட்டியது. துப்பத் துப்பத் தீரவில்லை. குளியலறைத் தரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள், மீன் மணக்கும் நுரை மடியில் வழிய. ஒரு ஸ்பூனுக்கு.

மூன்று மாதத்தில் தொண்ணூற்றேழு கிலோவுக்கு வந்தாள். சுண்டுவிரல் காய்ந்து தோல் மூடியது. தினமும் ராத்திரி அதை முகர்ந்து பார்ப்பாள். வாடை இல்லை. அதற்குள் விஷயம் தெரிந்துபோன பார்வதம், தம்பி சபைக்குப் போனாலும் தான் அம்மனை விடாதவள், "எங்கிட்டயே மறைச்சிட்டல்ல?" என்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டு, அம்மனுக்குக் கிடா வெட்டுவதாக நேர்ந்துகொண்டாள். இரைப்பையைச் சின்னதாக்கிக்கொண்டு பிழைத்தவளுக்காகக் கறி விருந்து. மறுத்தால் உறவு போய்விடும் என்றான் பெஞ்சமின்.

செய்யூரில், சவுக்குத் தோப்புக்குப் பக்கத்தில் பந்தல். பிரியாணி நெய்யும் ஆட்டு வீச்சமும் வெயிலில் கலந்து அடித்தது. முதல் இலை அவளுக்கு. கொழுப்பில்லாத கறியாக மூன்று துண்டு பொறுக்கி, ஒவ்வொன்றையும் கூழாகும்வரை மென்று விழுங்கினாள். வயிறு போதும் என்றது. கையை எடுத்துவிட்டாள்.

"இன்னா பொண்ணு, எலை அப்டியே கீது?" பார்வதம் ஒரு கரண்டி சோற்றை இலையில் சரித்தாள். "சாமிக்கு வெட்ன கெடா. வீணாப் போவக் கூடாது. எனக்காக ஒரே ஒரு வாய்."

"எறங்காது அண்ணி."

"பெஞ்சமினு, நீயாச்சும் சொல்லுடா."

பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த பெஞ்சமினுக்குக் கழுத்துவரை நிறைந்திருந்தது. பந்தி முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, இருபது வருஷப் பழக்கத்தில் தன் இலையின் மிச்சத்தை ஒதுக்கி அவள் இலைக்குத் தள்ளினான். "இந்தா, நீ பாத்துக்க."

சப்பிப்போட்ட எலும்பு, அதில் ஒட்டிய நரம்பு, விரல் தடம் பதிந்த சோற்று உருண்டை, ஓரத்தில் உறைந்து வெளுத்த கொழுப்பு. பார்த்தாள். வாயில் எச்சில் ஊறத் தொடங்கியது, அந்தக் குளியலறை எச்சில்.

இலையை மடக்கினாள். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எழுந்தாள். பந்தலுக்குப் பின்னால் எச்சிலிலைக் குழி. ஈ எழும்பி முகத்தில் மோதியது. பிறந்ததிலிருந்து தன் பங்குச் சோற்றில் ஒரு பருக்கையைக்கூடக் கொட்டாதவள் இலையைக் குழிக்கு மேலே பிடித்தாள். அம்மா பார்த்தால் என்ன சொல்வாள் என்று ஒரு கணம் வந்தது. கொட்டினாள்.

"ஐயையோ! சாமி சோத்த குழியில போட்டுட்டாளே!" பார்வதத்தின் குரல் பந்தலைத் தாண்டி வந்தது.

ரெபேக்காள் திரும்பினாள். "குழியில போவட்டும் அண்ணி. இத்தினி நாளு என் வயித்துல போட்டீங்க. எங்கக்கா சந்திரம்மா வயித்துலயும்தான் போட்டீங்க."

ஒரு நாய் குழியில் இறங்கி இலையைக் கவ்வி இழுத்தது. ரெபேக்காள் வாளித் தண்ணீரில் முழங்கைவரை கழுவினாள். எண்ணெய் போகவில்லை, மறுபடி கழுவினாள்.

கொஞ்ச நேரம் கழித்து பெஞ்சமின் தன் இலையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து குழியில் போட்டான். அவளைப் பார்க்காமல் டம்ளரை நீட்டினான்.

"தண்ணி குடிக்கிறியா?"

அவள் மணியைப் பார்த்தாள். "அரை மணி நேரம் ஆவட்டும். புடிச்சிகினு நில்லு."